எல்லாச் சோதனையிலும் தேறிய 5.33: சிசிகிளீனர் நிகழ்வு ஆய்வு

சொந்தக்காரர்களுக்குள் ஒருவனுக்குக் கணினி கொஞ்சம் தெரியும் என்று பேர் வந்துவிட்டால் போதும், அடிக்கடி போன் வரும். "தம்பி, கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு. சுத்தம் பண்ற சாஃப்ட்வேர் ஓசியிலயே கிடைக்குதாமே, எதைப் போடட்டும்?" நானும் பல வருடமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தேன்: சிசிகிளீனர் போடுங்க, ஆனா அதோட சொந்தத் தளத்துலேர்ந்து மட்டும் இறக்குங்க. 2017 செப்டம்பரில் அந்தப் பதிலை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இலவச மென்பொருள் ஒன்றை வீட்டுக் கணினியில் போடலாமா என்று பார்க்க நம்மிடம் ஒரு வழக்கமான சோதனை இருக்கிறது. பேர் கேள்விப்பட்டதா, பலர் பயன்படுத்துகிறார்களா, கணினிப் பத்திரிகைகள் நல்லபடியாக எழுதியிருக்கின்றனவா, தயாரித்தவரின் தளத்திலிருந்தே வருகிறதா, டிஜிட்டல் கையொப்பம் செல்லுமா, வைரஸ் தடுப்பு மென்பொருள் முனகுகிறதா. இவை எல்லாவற்றிலும் தேறிய ஒரு பதிப்பு 2017 ஆகஸ்ட் 15 முதல் நான்கு வாரம் உள்ளே ஒரு திருட்டு நிரலைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றியது. நம் சோதனையில் எது ஓட்டை என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

பொருளும் உரிமையாளரும்

சிசிகிளீனர் லண்டனில் இருந்த பிரிஃபார்ம் என்ற சிறு நிறுவனத்தின் படைப்பு. அழித்த கோப்புகளை மீட்கும் ரெகூவாவும், கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் ஸ்பெசியும் அவர்களுடையவைதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், 40 ஜிபி வட்டே பெரிது என்றிருந்த நாட்களில், தற்காலிகக் கோப்புகளையும் உலாவி சேர்த்துவைக்கும் மிச்சங்களையும் ஒரே சொடுக்கில் துடைக்கும் கருவி உண்மையிலேயே உதவியது. கூடவே எதையும் ஒட்டவைக்காமல், பயமுறுத்தாமல், சின்னதாக இருந்தது. "உங்கள் கணினியில் 1,437 ஆபத்துகள்!" என்று சிவப்பில் கத்தும் மென்பொருள்களுக்கு நடுவே அது ஒரு நாகரிகமான ஆள்.

2016 நவம்பரில் 200 கோடிப் பதிவிறக்கங்களைத் தாண்டிவிட்டதாக நிறுவனம் சொன்னது. வாரத்துக்கு 50 லட்சம் கணினிகளில் புதிதாக ஏறுகிறது என்றும் சொன்னது. 2017 ஜூலை 18 அன்று, செக் நாட்டுத் தலைநகர் பிராகாவைச் சேர்ந்த அவாஸ்ட் பிரிஃபார்மை வாங்கியது. அவாஸ்ட் யார் என்றால், வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்பவர்கள். சாதாரணமாகப் பார்த்தால் இது நம்பிக்கையைக் கூட்டும் செய்தி.

நடந்தது

வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தெரியாத ஒன்று, வீட்டுக்குள் ஏற்கெனவே ஆள் இருந்தது. பிறகு அவாஸ்ட் தோண்டிப் பார்த்து வெளியிட்ட விவரப்படி, 2017 மார்ச் 11 விடிகாலை 5 மணிக்கு, ஆளில்லாமல் கிடந்த ஒரு நிரலாளரின் கணினிக்குள் டீம்வியூவர் வழியாக யாரோ நுழைந்திருக்கிறார்கள். தொலைவிலிருந்து அடுத்தவர் திரையைப் பார்த்து உதவ நாமும் பயன்படுத்தும் அதே டீம்வியூவர்தான். கடவுச்சொல்லைப் பலமுறை போட்டுப் பார்த்துத் திறக்கவில்லை. ஒரே முயற்சியில் கதவு திறந்திருக்கிறது, அதாவது சொல் முன்பே தெரிந்திருக்கிறது. மறுநாள் விடிகாலை அங்கிருந்து இரண்டாவது கணினி. ஏப்ரலில் ஷேடோபேட் என்ற, விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதியக்கூடிய கருவியை உள்ளே வைத்தார்கள். எல்லாம் அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரத்தில். அப்புறம் மாதக்கணக்கில் பொறுமை.

ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த 5.33.6162 என்ற பதிப்பின் 32-பிட் நிரலுக்குள் அந்தத் திருட்டு நிரல் இருந்தது. சிசிகிளீனர் கிளவுட் 1.07.3191 என்ற பதிப்பிலும் இருந்தது. கவனிக்க வேண்டியது, யாரும் இறக்கும் தளத்தில் கோப்பை மாற்றிவைக்கவில்லை. மென்பொருள் தயாராகும் இடத்திலேயே கலந்துவிட்டார்கள். ஆலைக்குள் கலந்ததை ஆலையே பொட்டலம் கட்டி, முத்திரை குத்தி அனுப்பியது. பிரிஃபார்மின் சொந்த டிஜிட்டல் கையொப்பம் அதன்மேல் செல்லுபடியாகும் நிலையில் இருந்தது.

உள்ளே இருந்தது என்ன செய்தது என்று பார்த்தால் அதன் நிதானம் ஆச்சரியப்படுத்தும். ஓடத் தொடங்கியதும் 601 நொடி சும்மா இருக்கும். தானியங்கிச் சோதனைக் கூடங்களில் ஒரு கோப்பைச் சில நிமிடம்தான் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பத்து நிமிடத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் காவலைத் தாண்டியாயிற்று. அடுத்து, ஓட்டுபவருக்கு அட்மின் உரிமை, அதாவது கணினியில் எதையும் மாற்றும் முழு உரிமை, இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அதோடு நின்றுவிடும். இந்த வரியை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன். உரிமை இருந்தால் கணினியின் பெயர், அதிலுள்ள மென்பொருள்கள், அப்போது ஓடிக்கொண்டிருப்பவை, நெட்வொர்க் அட்டையின் அடையாள எண் என்று ஒரு பட்டியல் தயாரித்து வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து வேறு ஏதாவது அனுப்பினால் அதை வாங்கி ஓட்டும்.

இதைப் பிடித்தது அவாஸ்ட் அல்ல. இஸ்ரேலின் மார்ஃபிசெக் என்ற நிறுவனத்தின் கருவி தன் வாடிக்கையாளர்களின் கணினிகளில் இதைத் தடுத்தது. அவர்கள் செப்டம்பர் 12 அன்று அவாஸ்ட்டுக்குச் சொன்னார்கள். மறுநாள் சிஸ்கோவின் டேலோஸ் ஆய்வுக் குழு, தாங்கள் சோதித்துக்கொண்டிருந்த ஒரு புதுக் கருவி அதே நிறுவியைப் பார்த்துக் குரைப்பதைக் கவனித்தது. செப்டம்பர் 15 அன்று திருடர்களின் சர்வர் முடக்கப்பட்டது. 18 அன்று உலகத்துக்குச் சொன்னார்கள்.

அந்த ஒரு மாதத்தில் 22.7 லட்சம் பேர் கலப்புள்ள பதிப்பை இறக்கியிருந்தார்கள். அவற்றில் 16,46,536 கணினிகள் திருடர்களின் சர்வரோடு பேசியிருந்தன. இரண்டாம் கட்ட நிரல் அனுப்பப்பட்டது எத்தனைக்குத் தெரியுமா? நாற்பதுக்கு. பதினாறரை லட்சத்தில் நாற்பது. சர்வரில் கிடைத்த தேடல் பட்டியலில் சாம்சங், சோனி, இன்டெல், மைக்ரோசாஃப்ட், விஎம்வேர், சிஸ்கோ போன்ற நிறுவனங்களின் முகவரிகள் இருந்தன. தேடியது அவர்களைத்தான். வீட்டுப் பயனர்கள் எல்லாம் கூட்டம், அவ்வளவுதான். திருவிழாக் கூட்டத்தில் ஒருவனைத் தேடுபவன் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே போவதுபோல, நம் கணினிகளின் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. செப்டம்பர் 10 வாக்கில் திருடர்களின் சர்வரில் வட்டு நிரம்பி, அவர்களுடைய தரவுத்தளம் கெட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொண்டார்கள். அதனால்தான் தொடக்கத்தில் ஆய்வாளர்களுக்குக் கடைசிச் சில நாள் தரவு மட்டுமே கிடைத்தது. மற்றொரு சர்வரில் நகல் கிடைத்த பிறகே மேலே சொன்ன முழுக் கணக்கு வந்தது. வட்டைச் சுத்தம் செய்யும் மென்பொருளுக்குள் ஒளிந்து வந்தவர்களுக்கு வட்டில் இடம் போதவில்லை.

சோதனை எங்கே தோற்றது

நம் வழக்கமான கேள்விகளை இந்தப் பதிப்பின்மேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

சொந்தத் தளம்தானா? ஆம். மூன்றாம் ஆள் தளங்களை நம்பாதே என்ற அறிவுரைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2011 டிசம்பரில், புகழ்பெற்ற ஒரு பதிவிறக்கத் தளம் எம்மேப் என்ற, நெட்வொர்க்கை ஆராயும் மென்பொருளைத் தன் சொந்த நிறுவிக்குள் வைத்து, கூடவே ஒரு உலாவிப் பட்டையையும் திணித்தது. எம்மேப்பை எழுதியவரே பொதுவில் கொதித்தார். ஆனால் அந்த அறிவுரை காப்பது இடைத்தரகரிடமிருந்து. தயாரிப்பாளர் வீட்டிலேயே பிரச்சினை என்றால் அதற்கு வேலையில்லை.

கையொப்பம்? செல்லும். கையொப்பம் சொல்வது "இது பிரிஃபார்மிலிருந்து வந்தது, வழியில் யாரும் மாற்றவில்லை" என்பதை மட்டும். அது உண்மைதான். உள்ளே இருப்பது நல்லதா என்று கையொப்பம் ஒருபோதும் சொன்னதில்லை; நாம்தான் அப்படிப் படித்துக்கொண்டோம். கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணை ஒத்துப் பார்த்தவர்களுக்கும் இதே கதி, எண் அப்படியே ஒத்துப்போயிருக்கும்.

வைரஸ் தடுப்பு? டேலோஸ் செய்தியை வெளியிட்ட நேரத்தில், ஒரு கோப்பைப் பல வைரஸ் தடுப்புக் கருவிகளிடம் ஒரே நேரத்தில் காட்டிப் பார்க்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் இருந்த 64 கருவிகளில் ஒன்றே ஒன்றுதான் இதைத் தவறு என்றது.

உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி? இங்கேதான் தலை சுற்றும். சிசிகிளீனரின் இலவசப் பதிப்பு அப்போது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, நாமேதான் போய் இறக்க வேண்டும். ஆக, பொறுப்பாக ஆகஸ்டில் புதுப்பித்தவர் மாட்டினார்; 5.30-ஐப் போட்டுவிட்டு மறந்துபோன சோம்பேறி தப்பித்தார். இதைக் காட்டி "அதான் நான் எதையுமே அப்டேட் பண்றதில்ல" என்று யாராவது சொன்னால், அதே வருடம் மே மாதத்தை நினைவூட்டுங்கள். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே ஓட்டையை அடைத்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட கணினிகளைத்தான் வானாகிரை என்ற மிரட்டல் நிரல் பூட்டிப் பணம் கேட்டது. இயங்குதளத்தின் பாதுகாப்புப் புதுப்பித்தலும் ஒரு துடைப்பக் கருவியின் புதுப் பதிப்பும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல.

"இரண்டு வாரம் பொறுத்துப் போடு" என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே நான்கு வாரம் ஆயிற்று, உதவியிருக்காது. திறமூலமாக, அதாவது எழுதிய நிரலையே பொதுவில் வைக்கும் வகையாக இருந்தால்? ஓரளவு. மூல நிரலை எல்லாரும் பார்க்கலாம், சரி. ஆனால் கலப்பு நடந்தது மூலத்திலிருந்து மென்பொருளைத் தயாரிக்கும் இடத்தில். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற திறமூலச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இதேபோல ஒரு பின்கதவு சிக்கியது. அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக நுழைய அரை நொடி கூடுதலாக ஏன் ஆகிறது என்று குடைந்ததால். திறமூலமாக இருந்ததால் அவரால் குடைய முடிந்தது என்பது உண்மை. எல்லார் வீட்டிலும் அரை நொடிக்குக் கவலைப்படுபவர் இருப்பதில்லை என்பதும் உண்மை.

மிஞ்சியது ஒன்றுதான். மேலே நினைவில் வைக்கச் சொன்ன வரி: அட்மின் உரிமை இல்லையென்றால் நிரல் நின்றுவிடும். ஆனால் வட்டைத் துடைக்கும் கருவிகள் அட்மின் உரிமை கேட்பது வழக்கம், நாமும் "யெஸ்" தட்டுவது வழக்கம். அந்த வேலைக்கு அந்த உரிமை தேவை என்பதுதான் சிக்கலின் முடிச்சே. ஒரு பாட்டுப் பெட்டி மென்பொருளுக்கு இந்த நிலை வருவதில்லை. கணினியைச் சுத்தம் செய்கிறேன், வேகமாக்குகிறேன், டிரைவர்களைப் புதுப்பிக்கிறேன் என்று வருபவை எல்லாம் வீட்டுச் சாவிக் கொத்தைக் கேட்கும் ரகம்.

கேட்காமல் விட்ட கேள்வி

"இது நல்ல மென்பொருளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். "இதற்கு வேலை இருக்கிறதா?" என்று கேட்கவில்லை. எனக்கு இந்த நிகழ்வில் உறைத்தது இதுதான்.

முதலில் ரெஜிஸ்ட்ரி. விண்டோஸும் மென்பொருள்களும் தம் அமைப்புகளை எழுதிவைக்கும் பெரிய கணக்குப் புத்தகம் அது. ஒரு மென்பொருளை நீக்கினால் சில வரிகள் மிச்சம் இருந்துவிடும். அந்த மிச்சத்தைத் துடைத்தால் கணினி பறக்கும் என்பதுதான் விற்பனைப் பேச்சு. ஆனால் விண்டோஸ் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை, அகராதியில் சொல் தேடுவதுபோல வேண்டிய இடத்துக்கு நேரே போகிறது. லட்சக்கணக்கான வரிகளில் சில நூறு குறைந்தால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. தவறான வரியை அழித்துவிட்டால் மட்டும் நன்றாகத் தெரியும், ஏதோ ஒரு மென்பொருள் திறக்காது. ரெஜிஸ்ட்ரி துடைப்பான்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறது.

அடுத்து உலாவியின் சேமிப்பு. அது குப்பையல்ல, அடிக்கடி பார்க்கும் பக்கங்களின் படங்களை எடுத்துவைத்திருக்கும் அலமாரி. தினமும் துடைத்தால் தினமும் மறுபடி இறக்க வேண்டும். பக்கம் மெதுவாகும், மொபைல் டேட்டாவில் ஓட்டுபவருக்கு டேட்டாவும் போகும். இதை "வேகமாக்குதல்" என்று எப்படி நம்பினோம் என்று இப்போது எனக்கே புரியவில்லை.

தற்காலிகக் கோப்புகள் விஷயம் வேறு. வட்டு நிரம்பி வழியும்போது அவற்றை நீக்குவது நிஜமான பலன். ஆனால் அதற்கான டிஸ்க் கிளீனப் விண்டோஸ் 98 முதலே கூடவே வருகிறது. 2017 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 புதுப்பித்தலில், இதைத் தானாகச் செய்யும் ஸ்டோரேஜ் சென்ஸும் வந்தது. தேதியைப் பாருங்கள். பிரிஃபார்மின் அலுவலகத்தில் ஷேடோபேட் இறங்கிய அதே மாதம், சிசிகிளீனரின் முக்கிய வேலை விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. நாம் பழக்கத்தில் அதைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தோம்.

மெதுவான வீட்டுக் கணினிக்குக் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: 4 ஜிபி நினைவகம், சுழலும் பழைய வட்டு, கணினி திறக்கும்போதே தானும் எழுந்துகொள்ளும் ஒரு கும்பல் மென்பொருள்கள், விசிறியில் அடைத்த தூசி. இதில் எதையும் துடைப்பக் கருவி தீர்ப்பதில்லை. மூன்றாவதை அதிகப்படுத்த வாய்ப்புண்டு, ஏனென்றால் பின்னணியில் கண்காணிக்கிறேன் என்று அதுவும் அந்தக் கும்பலில் சேர்ந்துவிடும்.

ஆக, தராசின் ஒரு தட்டில் சில ஜிபி இடம், அதுவும் வேறு வழியில் கிடைக்கக்கூடியது. மறு தட்டில் அட்மின் சாவி, மற்றும் நமக்கு முகம் தெரியாத ஓர் அலுவலகத்தின் அத்தனை கணினிகளும் சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கை. தாக்குதல் நடக்காமலே இருந்திருந்தாலும் இந்தக் கணக்கு நஷ்டம்தான் என்பேன்.

பிறகு நடந்தவை

அவாஸ்ட் தொடக்கத்தில் சொன்னது, சுத்தமான 5.34-க்கு மாறினால் போதும் என்று. டேலோஸ் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டாம் கட்டம் இருப்பது தெரிந்த பிறகு, வெறுமனே நீக்கினாலோ புதுப்பித்தாலோ போதாது, பழைய காப்பு நகலிலிருந்து மீட்க வேண்டும் அல்லது விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்றது. வீட்டுப் பயனர் இதில் எதை எடுத்துக்கொள்வது? நாற்பது பேரில் நாம் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அது தெரியாது, காப்பு நகல் எடுத்துவைத்திருந்தவருக்குத்தான் நிம்மதியாக முடிவெடுக்கும் வசதி இருந்தது.

தாக்குதலுக்கு நிறுவனத்தைக் குறை சொல்வதில் ஓரளவுதான் நியாயம் உண்டு. அடுத்து வந்தவை வேறு வகை. 2018-இல் 5.45 என்ற பதிப்பு, பின்னணிக் கண்காணிப்பையும் பயன்பாட்டுத் தகவல் அனுப்புவதையும் நிறுத்துவதைக் கடினமாக்கியது. பயனர்கள் கத்திய பிறகு அதைத் திரும்பப் பெற்று 5.44-ஐத் தந்தார்கள். 2020 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், இலவச நிறுவிகளில் கூகுள் குரோம், அவாஸ்ட், ஏவிஜி போன்றவை கூடவே வருவதைக் காட்டி சிசிகிளீனரை "வேண்டாததாக இருக்கக்கூடிய மென்பொருள்" என்று குறித்தது. இடையில், அதே 2020 ஜனவரியில், அவாஸ்ட் தன் துணை நிறுவனம் ஜம்ப்ஷாட் மூலம் வைரஸ் தடுப்புப் பயனர்களின் உலாவல் தரவை விற்றுவந்தது அம்பலமாகி, ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடினார்கள். 2024-இல் அமெரிக்காவின் வணிகக் கட்டுப்பாட்டு ஆணையம் இதற்காக 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. இது சிசிகிளீனர் சம்பந்தப்பட்டதல்ல, அதன் உரிமையாளர் சம்பந்தப்பட்டது. இலவசம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு உரிமையாளரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பு நாம் மெச்சிய "கூட எதையும் ஒட்டவைக்காத நாகரிகமான ஆள்" வேறு கைக்குப் போய்விட்டான். பேரும் படமும் மட்டும் பழையவை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019-இல் மறுபடி அவாஸ்ட்டின் நெட்வொர்க்குக்குள் ஆள் நுழைந்தபோது அவர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். நுழைந்தவர்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத ஒரு தற்காலிக விபிஎன் கணக்கு (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் சேரும் வழி) வழியாக வந்திருந்தார்கள். குறி மறுபடி சிசிகிளீனராக இருக்கலாம் என்று அவாஸ்ட் சந்தேகப்பட்டு, செப்டம்பர் 25 அன்று புதுப் பதிப்பு வெளியிடுவதையே நிறுத்தினார்கள். பழைய பதிப்புகளைச் சரிபார்த்து, புதிய சான்றிதழால் கையொப்பமிட்ட பதிப்பை அக்டோபர் 15 அன்று தானாகவே பயனர்களுக்கு அனுப்பி, முந்தைய சான்றிதழைச் செல்லாததாக்கினார்கள். அந்த மாதம் 21 அன்று தாங்களே வெளியே சொன்னார்கள். இது நல்ல வேலை. அதற்காக என் பதிலை நான் பழையபடி மாற்றவில்லை.

வீட்டில் மாறியது

இப்போது யாராவது கேட்டால், எதைப் போடுவது என்று சொல்வதற்கு முன் என்ன பிரச்சினை என்று கேட்கிறேன். இடம் போதவில்லையென்றால், எது இடத்தைப் பிடித்திருக்கிறது என்று விண்டிர்ஸ்டாட் போன்ற, தானாக எதையும் அழிக்காமல் பார்த்துச் சொல்லும் கருவியை எடுத்துக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் அதையும் நீக்கிவிடுகிறேன். ஒரு நாள் வேலைக்கு வந்தவரைக் குடிவைத்துக்கொள்வானேன். தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத கணக்கு ஒன்று போட்டுத் தருகிறேன். இதற்கு வரும் எதிர்ப்புதான் அதிகம், எதைத் தொட்டாலும் கடவுச்சொல் கேட்கிறது என்று. கேட்கட்டும்.

போன பொங்கலுக்கு மாமா வீட்டில் அவருடைய மடிக்கணினியைப் பார்த்தேன். கணினி திறக்கும்போது கூடவே எழுந்த பதினோரு மென்பொருள்களில் ஏழை நிறுத்தினேன், ஸ்டோரேஜ் சென்ஸை இயக்கிவைத்தேன், சிசிகிளீனரை நீக்கினேன். சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை போன்.

"மாப்ள, வேகமாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தொடப்பம் போட்ட ஐகான் எங்க போச்சு? காலையில அத ஒரு தடவ ஓட்டலைன்னா எனக்குக் கம்ப்யூட்டர் கழுவாத மாதிரி இருக்கு."